தானாக விழ வேண்டிய வீடு

ஆகஸ்ட் 4, திங்கள்

பாரம்பரியக் கமிட்டி மூன்றாவது தடவையும் முடியாது என்று சொல்லிவிட்டது.

நான் ஒன்றும் அரண்மனை கேட்கவில்லை. கீழே கிடங்கைத் தடுத்து ஓர் அறை, பின்கட்டில் ஒரு கக்கூஸ், சக்கர நாற்காலி நுழைகிற மாதிரி ஒரு வாசல். அவ்வளவுதான். கட்டடத்தின் மூல அமைப்பு கெட்டுவிடுமாம். இந்த வீட்டை டச்சுக்காரன் மிளகு மூட்டை அடுக்கக் கட்டினான். மூட்டைகளுக்குக் கக்கூஸ் தேவைப்படவில்லை. ஆகவே என் வீட்டுக்காரருக்கும் தேவையில்லை.

வடகழியில் எங்கள் கிடங்குத் தெருவையும் சுற்றியுள்ள மூன்று தெருக்களையும் பாரம்பரியப் பகுதி என்று அறிவித்ததிலிருந்து இதே கூத்துதான். வாசலுக்கு வாசல் ஒரு நீலப் பலகை அடித்துவிட்டுப் போனார்கள். சிமெண்ட் பூசக் கூடாது, சுண்ணாம்புதான். ஜன்னலுக்குப் பச்சைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்கள் வந்து அண்ணாந்து படம் பிடிக்கிறார்கள். மாடி ஜன்னலில் இவர் சாய்ந்திருந்தால் அவரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இவர் பாக்கியநாதன். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பி.டி. மாஸ்டர். விடிவதற்குள் கடற்கரையில் கலங்கரை விளக்கம்வரை ஓடிவிட்டு வந்துதான் காப்பி குடிப்பார். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. வலது பக்கம் முழுக்கப் போயிற்று, பேச்சு பாதி போயிற்று. உடம்பு மட்டும் அதே ஆகிருதி. எங்கள் மாடிப்படி ஏணிக்கும் படிக்கும் நடுவில் பிறந்த ஒன்று. ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக நாலு பேர் நாற்காலியில் வைத்து இறக்கினார்கள். பாதியில் நாற்காலி சரிந்து, இவர் கைலி அவிழ்ந்து, தெருவே பார்த்தது. அதற்குப் பிறகு கீழே இறங்கமாட்டேன் என்றுவிட்டார். ஆக, மாடியில் ஒரு மனிதர், மாடியில் ஒரு நான்.

விற்றுவிடலாமே என்கிறார்கள். ஜன்னல் வர்ணத்துக்கு அனுமதி கேட்க வேண்டிய வீட்டை எந்தப் பைத்தியக்காரன் வாங்குவான்? வாடகைக்குப் போகலாமே என்கிறார்கள். படுக்கையில் இருக்கிறவர் என்றதும் எல்லா வீட்டுக்கும் திடீரென்று சொந்தக்காரரே குடிவந்துவிடுகிறார்.

எதிர்க்கடை ஹபீப் பாய் கயிறு எடுக்க வந்தார். வலைக்கயிறு வியாபாரம். எங்கள் கீழ்க்கிடங்கில்தான் கட்டுக்கட்டாகப் போட்டு வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"நீங்க கேட்டுக்கிட்டே இருங்கக்கா, அவங்க மாட்டேன்னுக்கிட்டே இருப்பாங்க. பதினாலாம் நம்பர்காரன் கேட்டானா? மொட்டை மாடித் தூம்பை அடைச்சு வச்சான். ரெண்டு மழைக்குத் தண்ணி தேங்கிச்சு. சுவத்துல மொளைச்ச அரசங்கன்னை வெட்டாம விட்டான். பின்கட்டு தானா விழுந்துச்சு. தானா விழுந்தா யாரு என்ன கேக்க முடியும்? இப்ப பாருங்க, கண்ணாடி போட்டு ஜவுளிக்கடை."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். மேலே இவரும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஆகஸ்ட் 9, சனி

துணி ஊறவைத்தேன். இவருக்கு முகச்சவரம் செய்துவிட்டேன், தாடையில் லேசாகக் கீறிவிட்டது. பழைய வேட்டி ஒன்றைக் கிழித்தேன். பாதி துடைக்க. பாதியைக் கொண்டு மொட்டை மாடியில் ஒரு சின்ன வேலை இருந்தது, முடித்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. மாடிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். முழங்கால் வலிக்கு ஏதோ தைலம், நாற்றம்தான் மிச்சம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இரண்டு குடம் தண்ணீரை மேலே தூக்கிக்கொண்டு போவதற்குள் மூச்சு வாங்குகிறது. இறங்கி வந்தபோது இவர் கண்ணை மேல்தளத்தில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

"மேல… என்ன தண்ணி?"

"செடிக்குங்க."

"செடி… ஏது?"

"கற்றாழை வச்சிருக்கேன். உங்க தோல் புண்ணுக்கு."

போன கோடையிலேயே தொட்டியோடு காய்ந்துபோன கற்றாழை. அது இவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஊற்றுகிற சத்தம் கீழே கேட்கும் போலிருக்கிறது. இனி மெதுவாக ஊற்ற வேண்டும்.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள். பத்து நாளாகத் தெரு வழியே வேளாங்கண்ணிக்குக் காவி கட்டிய கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. இவரும் வருடா வருடம் நடந்தே போனவர்தான். பையன்களை வரிசையில் நிற்கவைத்து விசில் ஊதிக் கூட்டிப் போவார். இன்று ஜன்னல் பக்கம் சாய்த்து உட்காரவைத்தேன். பழைய மாணவன் ஒருவன் கீழேயிருந்து "மாஸ்டர்!" என்று கத்திக் கையை உயர்த்தினான். இவர் இடது கையைத் தூக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "மண்ணுல… ஒருவாட்டி… கால் வைக்கணும்" என்றார்.

செய்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது? அடுப்படியில் போய் அழுதேன். வெட்கமில்லை, எழுதியே வைக்கிறேன்.

கணக்கு சுலபமானது. பின்கட்டுச் சுவர் பழுதாகிவிட்டது என்று இன்ஜினியர் ஒரு வரி எழுதினால் போதும். இடித்துக் கட்ட அனுமதி வரும். இடித்துக் கட்டும்போது கீழே ஓர் அறை. ஊர் உலகத்தில் நடப்பதுதான். பின்கட்டில் யாரும் படுப்பதில்லை, அடுப்படி மட்டும்தான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ராத்திரி நல்ல மழை. காலையில் பார்த்தால் கூடத்து மேல்தளத்தில் ஈரம். மாடிப்படிச் சுவரில் தொடங்கி ஒரு விரிசல், மின்விசிறிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. வர வேண்டிய இடம் அது இல்லையே. பின்சுவர் கல் மாதிரி நிற்கிறது.

விசிறிக்கு நேர் கீழேதான் இவர் கட்டில். விரலை மேலே காட்டி, "தள்ளு… தள்ளு" என்றார். ஹபீப் பாயைக் கூப்பிட்டு இரண்டு பேருமாகக் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினோம். பாய் விரிசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

செடிக்குத் தண்ணீர்.

அக்டோபர் 5, ஞாயிறு

எதுவும் எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். இவருக்கு வயிற்றுப்போக்கு. மூன்று தடவை விரிப்பு மாற்றினேன். நான்காவது தடவை, துவைத்து உலர்த்தின விரிப்பை அப்போதுதான் போட்டு முடித்திருக்கிறேன், மறுபடி. வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். கடைசியாகச் சொன்னதை எழுத விருப்பமில்லை. இவர் பதிலுக்கு ஒரு சத்தம்கூட எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

பிறகு அரிசிக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், குடித்தார்.

அக்டோபர் 6, திங்கள்

காலையில் எழுந்ததும் முதல் பேச்சே கட்டிலைப் பற்றித்தான். "பழைய எடம்… அங்க போடு" என்றார். விரிசல் இருக்கிறதே என்றேன். "போடு" என்றார். ஜன்னல் பக்கம் விசிறிக் காற்று எட்டவில்லை போல, விசிறிக்குக் கீழே படுத்துப் பழகினவர். மாட்டேன் என்றால் சாப்பிடமாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டார். பி.டி. மாஸ்டர் பிடிவாதம் எங்கே போகும்? பாய் கடைக்கு வந்த இரண்டு பேரை அழைத்துப் பழைய இடத்திலேயே போட்டாயிற்று.

நேற்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் அதை மறந்துவிட்ட மாதிரி இருந்தது. நானாக ஏன் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

செடிக்குத் தண்ணீர். ஊற்றிவிட்டு இறங்கி வந்த பிறகுதான், கட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற ஞாபகமே வந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

நான் கூப்பிடாமலே கமிட்டி இன்ஜினியர் வந்தாள். வான்மதி என்று பெயர். என் தங்கை மகள் வயதுதான் இருக்கும். முந்தின மூன்று தடவையும் முடியாது என்ற பதிலில் கையெழுத்துப் போட்டவள் இவள்தான். தெருவில் நடந்து போனவள் வெளியிலிருந்தே விரிசலைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

மாடிப்படிச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். மொட்டை மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஏறினேன். பின்சுவரிலிருந்த அரசங்கன்றைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"என்னம்மா, வேரு கைப்பருமன் இருக்கு? இந்தக் கோடையில ஊர்ல இருந்த அரசங்கன்னெல்லாம் காஞ்சு போச்சு. இது மட்டும் தெனம் தண்ணி கெடைச்ச மாதிரி இருக்கே?"

"கடற்காத்து ஈரம்மா" என்றேன்.

"இப்ப பிடுங்கினா சுவரும் சேந்து வரும். வேர் சுவருக்குள்ளாறவே ஓடி படிச் சுவருக்கு வந்திருக்கு. அதான் அங்க வெடிச்சிருக்கு."

தூம்பை அவள் பார்க்கவில்லை. துணி உள்ளே ஆழமாகத்தான் இருக்கிறது.

கீழே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்கம்மா, இந்த வீட்ட நான் விழ விடமாட்டேன்" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இடிக்க வேண்டும் என்று எழுதுவாள் என்று பார்த்தால், காப்பாற்ற வந்திருக்கிறாள்! தெருவிலேயே மிச்சமிருக்கும் ஒரே சரக்கு உத்தரம் இந்த வீட்டில்தான் இருக்கிறதாம். முன்பக்கம் கூரைக்குக் கீழே துருத்திக்கொண்டிருக்கும் தேக்குக் கட்டையும் அதன் இரும்பு வளையமும்தான் அது. அந்தக் காலத்தில் அதில் கப்பி மாட்டி மூட்டைகளை மாடிக்குத் தூக்குவார்களாம். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதில் காக்கை உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறேன்.

கட்டிலை ஜன்னல் பக்கம் மாற்றச் சொன்னாள். இவர் கட்டில் கம்பியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அவளும் சொல்லிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அக்டோபர் 17, வெள்ளி

முட்டுக் கொடுத்துவிட்டார்கள். மாடிப்படியின் இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டைகள், குறுக்கே பலகைகள். நான் ஒருக்களித்து உடம்பைச் சுருக்கித்தான் ஏறி இறங்க முடிகிறது.

"மாஸ்டரை எப்படி இறக்குறது?" என்று கேட்டேன்.

வான்மதி கொஞ்சம் யோசித்தாள். "அவரு எறங்கறதில்லைன்னுதானேம்மா சொன்னீங்க? கொத்தனாருங்க காரைக்குடியிலேர்ந்து வரணும். சுண்ணாம்பு வேலை தெரிஞ்சவங்க அவங்கதான். மழை முடியட்டும். அதுவரைக்கும் ஒரு கட்டையக்கூட அசைக்காதீங்க, சுவர் ஒக்காந்துரும்."

போகும்போது மொட்டை மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மேலே யாரும் நடமாடக் கூடாதாம்.

தூம்பைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அவள் தெருமுனை திரும்புகிறவரை வாசலிலேயே நின்றேன், திறக்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

மழை.

அக்டோபர் 23, வியாழன்

மழை. தண்ணீர் விழுகிற பக்கத்துச் சந்தில் போய்ப் பார்த்தேன். எல்லா வீட்டுத் தூம்பிலும் தண்ணீர் கொட்டுகிறது. எங்கள் வீட்டுத் தூம்பில் மட்டும் சொட்டுகூட இல்லை. அத்தனை தண்ணீரும் மேலேயே நிற்கிறது. அதற்குக் கீழே விரிசல், விரிசலுக்குக் கீழே கட்டில்.

வான்மதிக்குப் போன் செய்தேன். துணி காயப்போட வேண்டும், சாவி வேண்டும் என்றேன். மழையில் துணியா என்று கேட்டாள். நான் ஒரு முட்டாள். வேறு பொய்கூடத் தோன்றவில்லை.

கட்டிலை நகர்த்தலாம் என்று நானே தோள் கொடுத்துத் தள்ளினேன். இவர் நகரவிடாமல் சுவரில் காலை ஊன்றிக்கொண்டார். நல்ல கால் ஒன்றுதான், அதை வைத்தே ஜெயித்துவிட்டார். "ஏங்க, உங்களுக்கு என்னதாங்க வேணும்?" என்று கத்தினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

அக்டோபர் 30, வியாழன்

தளத்திலிருந்து சுண்ணாம்பு உதிர்கிறது. இவர் போர்வையில் வெள்ளையாக விழுந்து கிடந்ததைத் தட்டிவிட்டேன். என்னைக் கூப்பிடக்கூட இல்லை. இருமினார், அவ்வளவுதான்.

ஹபீப் பாயிடம் பாதியைச் சொன்னேன்.

"தூம்பு அடைச்சிருக்கு பாய்."

அவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "யாரு அடைச்சா?"

"எலி கூடு கட்டியிருக்கும்."

"எலியாக்கா?" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் வேடிக்கைக்குச் சொன்னேன்க்கா. அல்லா மேல சத்தியமா வேடிக்கைக்குத்தான் சொன்னேன்" என்றார். கீழே சந்திலிருந்து நீளக் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தார். எட்டவில்லை. பூட்டை உடைக்கலாமா என்றேன். மேலே ஓர் ஆள் ஏறி நின்றாலே தளம் தாங்குமோ தாங்காதோ என்றார்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசையில் முழங்காலில் நிற்க முடியவில்லை. எதைச் சொல்லி வேண்டுவது? நான் செய்ததை நடக்காமல் செய்யும் என்றா?

நவம்பர் 18, செவ்வாய்

வெயில். இரண்டு நாள் வெயிலுக்கே என் மனது பழைய கதைக்குப் போய்விடுகிறது, எல்லாம் சரியாகிவிடும் என்று. கொத்தனார்கள் தை மாதம் வருகிறார்களாம்.

நவம்பர் 26, புதன்

புயல். ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள், வாயில் நுழையவில்லை. நாளை ராத்திரி வடகழிக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் கரையைக் கடக்குமாம். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, பழைய கட்டடங்களில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடும்படி கத்திக்கொண்டு போனார்கள்.

நான் படியையும் கட்டைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவர் தோள் அகலத்துக்கு அந்த இடைவெளி பாதிகூட இல்லை. கட்டையை எடுத்தால் சுவர் வரும். எடுக்காவிட்டால் இவர் வரமாட்டார். ஒரு சுவரைச் சாய்க்க நினைத்தேன், இவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன்.

"நீ போ" என்கிறார் இவர். "செலினு… நீ போ. நா இருக்கேன்." கோபமில்லை, அழுகையில்லை. கடைக்குப் போய்விட்டு வா என்கிற மாதிரி.

நவம்பர் 27, வியாழன், சாயங்காலம், பள்ளிக்கூடத்தில்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையிலிருந்தே காற்று. பத்து மணிக்கு ஹபீப் பாயும் மீன்காரத் தெரு ஆட்கள் நாலு பேரும் வந்துவிட்டார்கள். படியைப் பார்த்துவிட்டு எல்லோரும் கையைப் பிசைந்தார்கள். ஜன்னலில் கம்பி. நான் கீழே தெருவில் நின்று, பைத்தியம் பிடித்த மாதிரி வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாயும் என் கூடவே அண்ணாந்து பார்த்தார். அப்போதுதான் அந்த உத்தரம் எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் பட்டது.

"மூட்டை எறக்கின கட்டைதானேக்கா அது?" என்றார் பாய். "அப்ப மூட்டை உள்ளேர்ந்து எந்த வழியா வந்துச்சு?"

மாடிக்கு ஓடினோம். என் துணி பீரோவுக்குப் பின்னால், சுவர் என்று நான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தது சுவர் இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் உயரமான கதவு. இரண்டு பக்கமும் பலகை அடித்து, மேலே சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். பாய் கடப்பாரையைக் கையில் எடுத்த நேரம், மழைக்கோட்டோடு மூச்சிரைக்க வான்மதி படியில் ஒருக்களித்து ஏறி வந்தாள். கமிட்டியின் பொருளாயிற்றே, தடுப்பாள் என்று நினைத்தேன்.

"ஒடைங்க!" என்றாள். "என்ன பாக்குறீங்க, ஒடைங்கண்ணே! கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

கதவு திறந்ததும் காற்றும் மழையும் கடலின் வாசனையும் ஒன்றாக உள்ளே வந்தன. பாய் கடையிலிருந்து கப்பியும் புதுக்கயிறும் வந்தன. மீன்காரப் பையன் ஒருவன் கூரையில் தொற்றி வளையத்தில் கப்பியை மாட்டினான். பிரம்பு நாற்காலியில் இவரை உட்காரவைத்து, வலையால் மார்பையும் இடுப்பையும் சுற்றிக் கட்டினார்கள். இந்தத் தடவை கைலி அவிழாதபடி நானே பெல்ட் போட்டுவிட்டேன். இவரைக் கட்டிலிலிருந்து தூக்கும்போதுகூட இவர் கட்டில் கம்பியைப் பிடித்தார். பாய்தான் விரல் விரலாக விடுவித்தார். "மாஸ்டர், நீங்க விசில் ஊதினா நாங்க ஓடினோம்ல, இன்னிக்கு நாங்க சொல்றத கேளுங்க" என்றார்.

உத்தரம் முனகக்கூட இல்லை. இவர் இறங்கும்போது தெருவையோ கடலையோ பார்க்கவில்லை. மேலே வாசலில் நின்ற என்னையே பார்த்துக்கொண்டு இறங்கினார். நாற்காலி தெருவில் பட்டதும், செருப்பில்லாத இடது காலை நீட்டிச் சேற்றில் அழுத்தினார். மழையில் இவர் அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருடம். ஒரு கப்பி, ஒரு நாற்காலி, நாலு ஆட்கள். வாரத்துக்கு ஒரு நாள் இவரைக் கடற்கரைக்குக் கொண்டு போயிருக்கலாம். யாரிடமும் எந்த அனுமதியும் கேட்டிருக்க வேண்டியதில்லை. என் பீரோவை நகர்த்தியிருந்தால் போதும்.

நவம்பர் 28, வெள்ளி

ராத்திரி முழுக்கக் காற்று கத்தியது. பள்ளிக்கூடத்து ஓடுகள் பறந்தன. இவர் நன்றாகத் தூங்கினார்.

நவம்பர் 29, சனி

போய்ப் பார்த்தேன். எங்கள் ஒன்பதாம் எண் வீடு நிற்கிறது. நீலப் பலகை நிற்கிறது, சரக்கு உத்தரம் நிற்கிறது, முட்டுக் கொடுத்த படிச்சுவர் நிற்கிறது. நான் சாய்க்க நினைத்த பின்சுவர்கூடப் பாதிக்கு மேல் நிற்கிறது, அரசங்கன்றோடு.

கூடத்துத் தளம்தான் விழுந்திருந்தது. விசிறி இருந்த இடத்தில் வானம். அதற்கு நேர் கீழே செங்கல்லும் சுண்ணாம்பும் தேக்குக் கட்டையுமாக ஒரு குவியல், அதிலிருந்து கட்டிலின் ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

வான்மதி எனக்கு முன்பே வந்திருந்தாள். அவள் கையில் ஊறிப்போன துணி ஒன்று இருந்தது. நீலக்கரை வேட்டி, பாதி. "தூம்புல இருந்துச்சும்மா" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் அவள் என் முகத்தைப் பார்த்தாள். கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இனிமே கீழ நீங்க கேட்ட ரூம கட்டிக்கலாம்மா. கமிட்டில நானே பேசறேன். மொதல்லயே பேசியிருக்கணும்" என்றாள்.

நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

நவம்பர் 30, ஞாயிறு

பள்ளிக்கூடத்து மைதானத்தில் இவரை நாற்காலியோடு வெயிலில் வைத்திருந்தேன். இவர் முப்பது வருடம் விசில் ஊதிய மைதானம். காலுக்குக் கீழே மண். கஞ்சி ஊட்டிக்கொண்டே வீட்டு விஷயத்தைச் சொன்னேன். தளம் விழுந்தது, கட்டில் மேலேயே விழுந்தது என்றேன். பயப்படுவார் என்று நினைத்தேன். தலையை ஆட்டிக்கொண்டார், தெரிந்த விஷயம் மாதிரி.

"தண்ணி… கேக்கும்" என்றார். "ஞாயித்துக்கெழம… ஞாயித்துக்கெழம. நீ ஊத்துவ. எனக்குக் கேக்கும்."

கரண்டி என் கையில் நின்றது.

"ஏங்க அப்பவே சொல்லல?"

ஒவ்வொரு வார்த்தையையும் கிணற்றிலிருந்து இறைப்பது மாதிரி இறைத்தார். "மொதல்ல… பயந்தேன். தள்ளிப் போடச் சொன்னேன். அப்பறம்… அன்னிக்கு… நீ சொன்னியே. நா போனாத்தான் ஒனக்கு விடிவுன்னு." மூச்சு வாங்கினார். "சரின்னு… திரும்ப அங்கயே… போடச் சொன்னேன். ஒனக்கு… சுளுவா இருக்கட்டும்னு."

சின்னப் பிள்ளைகள் மைதானத்தில் தேங்கின தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர் வாயைத் துடைத்துவிட்டேன். அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கோபமில்லாமல், பள்ளிக்கூடத்துப் பையனிடம் வருகைக் கணக்குக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"என்னையும் சேத்துத்தானே… செலினு?"

இல்லைங்க, பின்சுவர் மட்டும்தாங்க, உங்களைக் கீழே கொண்டுவரத்தாங்க என்று சொன்னேன். மாதா மேல் சத்தியம் செய்தேன். அழுதுகொண்டே திரும்பத் திரும்பச் சொன்னேன். நம்புகிறேன் என்று தலையை ஆட்டினார்.

ஆனால் இல்லை என்று நான் உடனே சொல்லவில்லை. நான் யோசித்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.